பௌர்ணமிக்கு முதல் நாள் பத்தியம்

உப்பளத்தை ஒட்டிய காட்டில் கருமேனி என்ற காட்டுப்பன்றி தலைவனாக இருந்தது. மழைக்காலத்தில் கடல் தண்ணீர் காட்டுக்குள் ஏறிவிடும். அப்போது புதைசேற்றைத் தாண்டிக் கூட்டத்தை மேட்டுக்கு அழைத்துப்போகும் வழி கருமேனிக்கு மட்டுமே தெரியும். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமில்லை!

காலையில் எழுந்ததும் உப்புப் பாத்தியை நக்கும். மத்தியானம் நரி திருடிவரும் கருவாட்டை மொக்கும். பிறகு நிழலில் சாய்ந்துவிடும். குறுக்கே யாராவது நடந்தால் போதும், காடே அதிரக் கத்தும்.

அதன் மனைவி செம்பி ஒருநாள் அதை மரங்கொத்தி வைத்தியச்சியிடம் இழுத்துப்போனது. மரத்துக்குள் புழு நெளிவதையே காதால் கேட்டுச் சொல்லும் மரங்கொத்தி அது. கருமேனியின் மார்பில் காதை வைத்ததும் பதறிவிட்டது.

"அண்ணே, உங்களுக்கு இரத்தக் கொதிப்பு!"

"எனக்கா? எங்கேயும் வலிக்கலையே!"

"வலிச்சிருந்தா நீங்களே ஓடி வந்திருப்பீங்களே! இது சத்தமே இல்லாம உள்ளே வேலை பார்க்கும். உப்பைக் குறைங்க. கருவாட்டை விடுங்க. தினமும் குளத்தைச் சுத்தி நடங்க. எடுத்ததுக்கெல்லாம் கத்தாதீங்க. இந்தப் பச்சிலையை ஒருநாளும் நிறுத்தாதீங்க. பௌர்ணமிதோறும் வந்து காட்டுங்க."

திரும்பும் வழியிலேயே நரி காத்திருந்தது. கருமேனி தோண்டும் கிழங்கில் அதற்கும் பங்கு உண்டே!

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, தலைவரே! ஒரு குருவி பேச்சைக் கேட்டா வாயைக் கட்டுவீங்க?" என்று நரி சிரித்தது.

நம்ம அறிவாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. மாதம் முழுக்க உப்பும் கருவாடும் தூக்கமும்தான். பௌர்ணமிக்கு முதல் நாள் மட்டும் உப்பில்லாக் கிழங்கு, பச்சிலை, குளத்தைச் சுற்றி நடை! யாராவது காலை மிதித்தால்கூட, "பரவாயில்லைப்பா" என்று பல்லைக் காட்டியது. பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் தொடும் பிள்ளை தோற்றான், போங்கள்!

பௌர்ணமியன்று மரங்கொத்தி காது வைத்துக் கேட்டது. "இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தினமும் இப்படித்தானே இருக்கீங்க?"

"பின்னே! சத்தியமா!"

"பொய் சொல்லாதீங்க!" என்று செம்பி வெடித்தது. "நமக்கு நண்டும் சிண்டுமா குட்டிங்க இருக்கு!"

"வாயை மூடு! வைத்தியச்சியே சொல்லிட்டா, உனக்கென்ன தெரியும்?"

அன்று நரியோடு கருவாட்டு விருந்து நடந்தது. வைத்தியச்சியை ஏமாற்றிய பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்த பௌர்ணமிகளிலும் இதே கூத்துதான்.

ஐப்பசி அடைமழையில் தண்ணீர் ஏறியது. கூட்டமே கருமேனியைத் தேடி ஓடிவந்தது. அது பாறையடியில் விழுந்து கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலப்பக்கக் கால்கள் அசையவில்லை.

"எந்தப் பக்கம் போகணும், சொல்லுங்க!" என்று செம்பி அழுதது.

கருமேனிக்கு வழி தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் "பே... பே..." என்று குழறல்தான் வந்தது. நரியோ, "எனக்கு வேலை இருக்குப்பா" என்று எப்போதோ நழுவிவிட்டது.

செம்பி முன்னால் நின்று, ஒவ்வோர் அடியாகச் சேற்றை மூக்கால் குத்திப் பார்த்து நடந்தது. இரண்டு தரம் கழுத்துவரை புதைந்து, திமிறி மீண்டது. வழிகாட்ட வேண்டிய தலைவனை மற்ற பன்றிகள் முட்டித் தள்ளி, திட்டிக்கொண்டே இழுத்துப்போயின. குட்டிகள் செம்பியின் காலை ஒட்டிக்கொண்டே மேடு ஏறின.

மரங்கொத்தி பறந்து வந்து மார்பில் காதை வைத்தது. கருமேனியின் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"என் காதை ஏமாத்திட்டீங்க, அண்ணே. உங்க இரத்தத்தை ஏமாத்த முடிஞ்சுதா?" என்றது மரங்கொத்தி.

காட்டுவதற்காக ஒருநாள் இருக்கும் பத்தியம் வைத்தியரைத்தான் ஏமாற்றும். அன்றாடப் பழக்கம் ஒன்றுதான் உயிரைக் காக்கும்.