இரண்டாம் அழுத்தம்

"டீச்சர், மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார் தங்கையா.

பகவதி சால்டரிங் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயதில் அவரைவிட இளையவள். ஆனால் கீபோர்டு, சிந்தசைசர் பழுது பார்க்கும் வேலையை அவருக்குக் கற்றுத்தந்தவள். ஆகவே டீச்சர்.

"எது சொல்லிச்சு?"

மேசையில் கிடந்ததைக் காட்டினார். மேலத்தெரு கிறிஸ்தவ சபையின் சிந்தசைசர். மழைக்கு முன்னால் ஒருமுறை வந்து, அவர் கையால் சோதிக்கப்பட்டுத் திரும்பிப் போனது. நடுவில் ஒரு கட்டை சில நேரம் பேசுவதில்லை என்று அப்போது புகார். சோதனையில் எல்லாக் கட்டையும் தேறிவிட்டது. மெஷினில் ஒன்றுமில்லை, வாசிக்கிறவர் விரலில்தான் வலு இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

வாசித்தது சுகிர்தம் என்ற பெண். அடுத்த ஞாயிறு அவளாகவே எழுந்து, பாடகர் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாசிக்க வேறொருவர் வந்தார்.

இப்போது அந்தப் புதியவருக்கும் அதே கட்டை பேசவில்லை.

"சோதிச்சுக் காட்டுங்க," என்றாள் பகவதி.

இரண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டார். இந்தச் சோதனையில் சத்தம் வராது. திரை ஒரு கட்டையைக் கேட்கும். அழுத்தினால் அடுத்ததைக் கேட்கும். கட்டை தொடவில்லை என்றால் அங்கேயே நிற்கும்.

தங்கையா அழுத்திக்கொண்டே போனார். கடைசிக் கட்டைக்குப் பின் திரை 'பாஸ்' என்றது.

"பாருங்க. இப்பவும் பாஸ்."

பகவதி துடைக்கும் துணியை எடுத்துத் திரையின்மேல் போட்டாள்.

"இப்ப."

"திரை தெரியாம எப்படி?"

"கட்டை தெரியுதில்ல? ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்."

அழுத்தினார். நடுவில் வந்ததும் விரல் தயங்கியது. பிறகு மேலே போனது.

அவள் துணியை எடுத்தாள்.

திரை நடுக் கட்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின் அவர் அழுத்திய எதையும் அது வாங்கிக்கொள்ளவில்லை.

மழைக்கு முன்னாலும் சரி, சற்றுமுன்பும் சரி, திரை அந்த இடத்தில் நின்றபோது தன் விரல் இன்னொரு தரம், இன்னும் பலமாக, அழுத்தியது தங்கையாவின் நினைவுக்கு வந்தது. காது மடல் சுட்டது.

பலகையைக் கழற்றினார். கட்டைக்கு அடியில் தேய்ந்திருந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்.

"சபையில, மழை ஈரத்துக்குப் புதுசா வந்த கோளாறுன்னு சொல்லிரலாமா டீச்சர்? யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"யாருக்கும்னா?"

அவர் திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சபைக்குக் கொண்டுபோகாதீங்க. முதல்ல அந்தம்மா வீட்டுக்கு. அவங்க அழுத்தாம இந்த டெஸ்ட் முடியாது."

"நீங்களும் வாங்களேன்."

"நானா பாஸ் போட்டேன்?"

கதவைத் திறந்த சுகிர்தத்தின் வலது கையில் மஞ்சள் ரப்பர் பந்து ஒன்று இருந்தது. பேசும்போதும் அதை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

"விரலுக்கு வலு வரணும்ல. டாக்டர் ஒண்ணுமில்லைங்காரு. அவரு சும்மா தொட்டுப் பாத்தவரு. நீங்க மெஷின் வச்சுல்ல பாத்தீங்க."

காப்பி கொடுத்தாள். அவரால் குடிக்க முடியவில்லை. ஆறவிட்டு, சொன்னார். ரப்பர் தேய்ந்திருந்ததை. இரண்டாம் தடவை அழுத்தியதை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்குத் தெரியாதும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாதா?"

"லேசா தெரிஞ்சுது."

பந்து நின்றுவிட்டது.

அவர் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டிருந்த சிந்தசைசரின் அருகில் அவள் வந்தாள். பால் ஆறிவிட்டதா என்று பார்க்கிறவளைப்போல அந்தக் கட்டையைத் தொட்டாள். அது பாடியது. இன்னும் மெல்லத் தொட்டாள். அப்போதும் பாடியது.

உள்ளறையில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"தங்கச்சி பிள்ள," என்றாள். "பேறுகாலத்துக்கு இங்கதான் வந்தா. பிறந்ததுலேருந்து நான் இன்னும் தூக்கல. நழுவ விட்டுருவேனோன்னு."

தங்கையா தலையைக் குனிந்துகொண்டார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது குழந்தை அவள் கைகளில் இருந்தது. வாசல் வெளிச்சத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா."

"பிடிங்க."

பிடித்தார்.

"அழுத்தாதீங்க," என்றாள் சுகிர்தம்.