எண்ணெயைத் தள்ளியது யார்?

கருங்குன்ற நாட்டை ஆண்ட குமாரவிசய மன்னருக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற அரசர்களின் கிணற்றில் தண்ணீர் வந்தது. அவர் கிணற்றில் எண்ணெய் வந்தது. குன்றின் அடிவாரத்தில் மாசாணன் என்ற கிணறு வெட்டுகிறவன் தண்ணீருக்காகத் தோண்ட, கன்னங்கரேலென்று எண்ணெய் பொங்கி வந்தது. இறைக்கவே வேண்டாம். தானாக ஏறி வாய்க்காலில் ஓடியது. கோட்டை விளக்கெல்லாம் அதில்தான் எரிந்தன.

"மன்னரின் பெயரைக் கேட்டதும் மரியாதையாக எழுந்து வருகிறது" என்று மந்திரி வித்தகராயர் விளக்கம் சொன்னார். மன்னருக்கு அது நியாயமாகவே பட்டது.

பிறகு குன்றின் உச்சியிலும் துளை போட்டார்கள். அதில் காற்றுதான் சீறியது. தீ வைத்தால் எரிந்தது. வித்தகராயர் அதற்குக் கீர்த்தி தீபம் என்று பெயர் சூட்டி, இரவும் பகலும் எரியவிட்டார். இரண்டு வருஷத்தில் அடிவாரத்துக் கிணறு நின்றுபோனது.

"மாசாணன் ஏதோ சூழ்ச்சி செய்திருக்கிறான்" என்றார் வித்தகராயர். மாசாணன் சிறைக்குப் போனான். ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தெட்டு நாளில், எண்ணெய் வராவிட்டால் அவனை அந்தக் கிணற்றிலேயே தள்ளி மூடிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. வாளி போட்டு இறைத்துப் பார்க்கலாமே என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"என் கிணற்றிடம் நானே கையேந்துவதா? முன்போலத் தானாக வரவேண்டும்" என்றார் மன்னர்.

மூன்றாம் நாள், அரசவை விகடகவி செவ்வந்தியப்பர் சிறைக்குப் போய் மாசாணனிடம் பேசினார்.

"உள்ளதைச் சொல். கிணறு ஏன் நின்றது?"

"சாமி, எண்ணெய் அங்கே குளமாட்டம் கிடக்கல. பாறைக்குள்ள ஈரமாட்டம் ஊறிக் கிடக்கு. அதுவா நகராது. மேல அடைபட்ட காத்து அமுக்கும். கீழ இருக்கிற தண்ணி நெம்பும். ரெண்டும் சேர்ந்து தள்ளினாத்தான் எண்ணெய் கிணத்து வழியா ஏறும். அந்தக் காத்தைத்தான் திறந்துவிட்டுக் கொளுத்திட்டாங்க."

"இதை மந்திரியிடம் சொன்னாயா?"

"சொன்னேன் சாமி. சொன்ன பிறகுதான் இங்கே கொண்டாந்தாங்க."

செவ்வந்தியப்பர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "இனி என்ன வழி?" என்றார்.

"உச்சித் துளையை அடைக்கணும். கிழக்கே, எண்ணெய் வராம நான் கைவிட்ட ஆழக் கிணறு ஒண்ணு இருக்கு. அதுல தண்ணியை நிரப்பிக்கிட்டே இருக்கணும்."

மறுநாள் சபையில் செவ்வந்தியப்பர் இந்த இரண்டையும் கேட்டார். வித்தகராயர் சிரித்தார். "மன்னர் எண்ணெய் கேட்கிறார். இவர் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்."

செவ்வந்தியப்பர் ஒரு பானையை வரவழைத்தார். அதில் எண்ணெயில் ஊறிய மணல். சாய்த்துக் காட்டினார், ஒரு சொட்டும் விழவில்லை. மூங்கில் குழாய் ஒன்றை அடிவரை செருகி, அதன் வழியே தண்ணீர் ஊற்றினார். சற்று நேரத்தில் மணலுக்கு மேல் எண்ணெய் ஏறி மின்னியது.

மன்னர் குனிந்து பார்த்தார். "இது சரி. ஆனால் என் கீர்த்தி தீபத்தை ஏன் அணைக்க வேண்டும்?"

"அரசே, அந்தக் காற்று உள்ளே இருந்து எண்ணெயைத் தள்ள வேண்டியது. அது வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து உங்கள் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் புகழ் பாடக் கிளம்பிவிட்டால் வேலையை யார் பார்ப்பது?"

மன்னரின் பார்வை வித்தகராயர் மேல் ஒரு கணம் நின்றது. அன்றே உச்சித் துளையை அடைத்தார்கள், தீபம் அணைந்தது.

ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கிழக்குக் கிணற்றில் நீரை விட்டார்கள். இருபது நாள், முப்பது நாள், ஒன்றுமில்லை. மாசாணனின் மனைவி பொன்னுருவி கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாள். கெடுவின் நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் அடிவாரத்துக் கிணற்றில் சலசலவென்று சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் எண்ணெய் விளிம்பைத் தாண்டி வாய்க்காலில் இறங்கியது.

"மறுபடி மரியாதை வந்துவிட்டது" என்றார் வித்தகராயர், சளைக்காமல்.

மன்னர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாசாணனை விடுவித்து, கிணறு அவன் பொறுப்பு என்று அறிவித்தார். பிறகு செவ்வந்தியப்பரைப் பக்கத்தில் அழைத்தார்.

"ஒரு சந்தேகம். ஆபத்தான விஷயம் என்றால் நீர் இருக்குமிடமே தெரியாது. இந்த முறை தானாக எப்படி முன்னே வந்தீர்?"

"தானாக எங்கே வந்தேன் அரசே? வாசலில் பொன்னுருவி வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு வழி பண்ணும்வரை சோறு கிடையாது என்று உள்ளே என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள். இரண்டு பக்கமும் நெருக்கினால் எண்ணெயே ஏறி வருகிறது. நான் எம்மாத்திரம்?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு பட்டுச் சேலைகளைப் பரிசாக அனுப்பினார். செவ்வந்தியப்பருக்கு ஒன்றுமில்லை.