டெக்குக்குப் போட்ட அட்சதை

புத்திசாலிகளின் கதை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அங்கே ஒருத்தர் இருப்பதாகக் கேள்வி. எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர், நான்கும் ஒரே ரகம். பெரியண்ணன் குழந்தைசாமி, சின்னண்ணன் நாச்சிமுத்து, அடுத்தது நான், எங்கள் தங்கை ஈஸ்வரியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை சென்னியப்பன். மாப்பிள்ளை வேறு வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் அப்பா பொருத்தம் பார்த்துத்தான் எடுத்தார்.

கவுந்தப்பாடியில் எங்களுக்கு வெல்ல மண்டி. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் என்று ஊரில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. "மழை வந்தா மூட்டைய உள்ள எடுத்து வைங்கடா" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனால், மழை வரும்வரை காத்திருப்போம். வந்தது மழைதானா என்று கை நீட்டிப் பார்த்து, நால்வரும் ஒத்துக்கொண்ட பிறகு எடுத்து வைப்போம். அப்பா அந்த வெல்லத்தைப் பாகு என்று சொல்லி விற்பார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. போட்டோவில் இருக்கிறார், குரல்தான் எங்கும் இல்லை. ஈஸ்வரியின் கல்யாண வீடியோ கேசட்டில் மட்டும், தாலி கட்டி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லுவார்.

"அப்பா குரல் எனக்கு மறந்து போச்சுங்ண்ணா" என்றாள் ஈஸ்வரி ஒருநாள். "கனவுல வர்றாரு, வாய் அசையுது, சத்தம் வரமாட்டேங்குது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா அதில் என்னதான் பேசினார் என்று யோசித்தோம். "நல்லா இருங்கன்னு வாழ்த்துனாரு" என்றார் பெரியண்ணன். "காப்பி கேட்டாரு" என்றார் சின்னண்ணன். மாப்பிள்ளை, தாலி கட்டின மயக்கத்தில் தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்றார். எனக்கு எதுவுமே நினைவில்லை. ஆனால் இரண்டு பேர் சொன்னதையும் ஆமாம் என்றேன்.

கேசட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பிறகு போனிலேயே பார்க்கலாம் என்றார்கள் தெரிந்தவர்கள். நால்வரும் ஈரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் பொறுமையானவர், எங்களை அன்றுதான் முதலில் பார்க்கிறார்.

"ரெண்டு சாமான் வேணுமுங்க" என்றார். "கேசட்டை ஓட்டறதுக்கு ஒரு டெக்கு. டெக்குல இருந்து படத்தை லேப்டாப்புக்குக் கடத்தறதுக்கு இந்தக் குச்சி." சுண்டுவிரல் நீளத்தில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பெரியண்ணன் குச்சியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். முகம் வாடிவிட்டது.

"ஆயிரம் பேரு சாப்பிட்ட கல்யாணமுங்க அது. இதுக்குள்ள எப்படிப் போகும்?"

"பந்தல் வேற இருக்குது" என்றார் சின்னண்ணன்.

பெரியண்ணன் குச்சியைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். கடைசியில் மாப்பிள்ளைதான் வழி கண்டார். "ஒரேயடியா போனாத்தானுங்க மச்சான் நெரிசல். பந்திக்குப் போற மாதிரி ஒவ்வொருத்தரா போனா போயிரும்." அப்பா பொருத்தம் பார்த்து எடுத்த மாப்பிள்ளை என்று சும்மாவா சொன்னேன்? குச்சியை எடுத்துக்கொண்டோம்.

டெக்கு தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. கடையில் மூன்று பழைய டெக்குகள் இருந்தன. "பழசுல கனமா இருக்கறது நல்லதுங்க, உள்ள இரும்பா இருக்கும். எது கனம்னு பாத்து எடுங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். கையால் தூக்கிப் பார்த்துச் சரக்கு எடுக்கிற பழக்கம் எங்கள் மண்டியில் இல்லை. ஊருக்குத் திரும்பி, மண்டித் தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு மறுபடி ஈரோட்டுக்குப் போனோம். வாசலில் தராசு இறங்கியதும் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றையும் நிறுத்தோம். வெல்லம் எடுப்பதுபோலத் தட்டிப் பார்த்தோம், முகர்ந்தோம். சின்னண்ணன் ஒன்றின் முதுகை நாக்கால் தொட்டுப் பார்த்து, "உப்புக் கரிக்குது. கடலோர ஊர்ச் சரக்கு" என்றார். நாகப்பட்டினத்திலிருந்து வந்ததுதான் என்றார் கடைக்காரர். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இருந்ததிலேயே கனமான டெக்கை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அது ஏன் அவ்வளவு கனம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. யாரோ விட்டுவிட்ட கேசட் ஒன்று உள்ளேயே கிடந்தது.

இது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், "மொதல்ல, போனாலும் பரவால்லைங்கற கேசட்டாப் போட்டு ஓட்டிப் பாருங்க. நடுவுல நிறுத்தக் கூடாது, உட்டுட்டு எந்திரிச்சுப் போகக் கூடாது" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். முன்பின் தெரியாத யாருடைய கல்யாணமோ அது. ஓடவிட்டு, நால்வரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தோம். சாயங்காலத்துக்குள் பெண்ணின் தாய்மாமனை எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பெண்ணை வண்டி ஏற்றி அனுப்புகிற இடத்தில் பெரியண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இனி இந்தக் கேசட்டு போனாப் பரவால்லைன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். அதை மஞ்சள் துணியில் சுற்றி, எங்கள் வீட்டுக் கேசட்டுக்கு மேலே, பீரோவில் பத்திரமாக வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் டெக்கு, அதிலிருந்து குச்சி, குச்சியிலிருந்து ஈஸ்வரி கொண்டுவந்த லேப்டாப். லேப்டாப்பில் தொட வேண்டியதை ஈஸ்வரியே தொட்டாள், எங்களை எட்டிப்போகச் சொல்லிவிட்டு. கேசட் ஓடத் தொடங்கியது. மழைபோலக் கோடுகள் விழுந்து, மேளம் கேட்டு, தலைநிறைய முடியோடு மாப்பிள்ளை வந்தார். "யாருங்க இது?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

முகூர்த்தம் நெருங்க நெருங்க ஈஸ்வரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தாலி கட்டியதும் அப்பா பேச வேண்டும். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சின்னண்ணன் மெல்லக் கேட்டார். "தாலி கட்டறப்ப எல்லாரும் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

நியாயமான கேள்வி. நான் சமையலறைக்குப் போய் அரிசியில் மஞ்சள் தூவி ஒரு தட்டில் கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒரு பிடி. படத்தில் கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து நின்று, முழு மனதோடு வாழ்த்தி, அட்சதையைப் போட்டோம்.

கல்யாணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே போட வேண்டும்? டெக்கின் மேலே போட்டோம். மேலே காற்றுப் போக வரிசையாகச் சந்து வெட்டி வைத்திருந்தார்கள். அரிசி ஒன்றுகூட வீணாகவில்லை.

டெக்கு கரகரவென்று எதையோ மென்றது. படம் ஆடி நின்றது. அப்பா வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஈஸ்வரி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நின்றுபோன அப்பாவையே பார்த்துக்கொண்டு, "கனவுலயும் இப்பிடித்தான் நிப்பாரு" என்றாள். நாங்கள் நால்வரும் கையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூமி பிளந்து எங்களை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பூமிக்கும் வேறு வேலை இருந்திருக்கும்.

கடைக்காரருக்குப் போன் போட்டோம். நடந்ததை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "பிளக்கைப் புடுங்கிட்டு, டெக்கைக் கவுத்து வெச்சு மெதுவாத் தட்டுங்க, கொட்டிரும்" என்றார்.

அப்படியே செய்தோம். போட்ட நான்கு பிடி அரிசியும் கொட்டியது, கூடவே நாகப்பட்டினத்து மணலும். கேசட்டும் தப்பித்தது. ஆனால் கவிழ்க்கச் சொன்னவர் நிமிர்த்தச் சொல்லவில்லை. கவிழ்ந்தபடியே பிளக்கைச் சொருகினோம்.

"டெக்கு தலைகீழா இருந்தாப் படமும் தலைகீழாத்தான வரும்?" என்றார் பெரியண்ணன். ஆகவே அதைச் சரிக்கட்ட லேப்டாப்பையும் தலைகீழாக நிறுத்திச் சுவரில் சாய்த்தோம். ஈஸ்வரி கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டு, கழுத்தைச் சாய்த்து லேப்டாப்பைத் தொட்டாள்.

படம் வந்தது. கல்யாணக் கூட்டம் முழுக்கத் தலைகீழாகத் தொங்கியது. மறுபடி கெட்டிமேளம், மறுபடி தாலி. பந்தலிலிருந்து தொங்குகிறவர்போல அப்பா கேமரா முன்னால் வந்தார். ஆள்தான் தலைகீழே தவிர, குரல் நேராக வந்தது. அந்த வெல்ல மண்டிக் குரல்.

"டேய்! அரிசியப் பொண்ணு மாப்பிள்ளை மேல போடுங்கடா. மிசினு மேல போட்டா அது எப்படிடா ஓடும்? மூணு பெத்தும் ஒண்ணாவது தேறுச்சா?"

அவருக்குப் பின்னால், கேமராக்காரரின் தோளிலிருந்த கேமராவுக்கு நேராக அரிசிக் கையை ஓங்கியபடி, அப்போதுதான் மீசை முளைத்த மூன்று பேர் நின்றிருந்தோம்.

ஈஸ்வரி சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். "இதேதாண்ணா, இதே குரல்தான்" என்றாள். அப்பா சொன்னதைத் தட்டிய வழக்கம் எங்களுக்கு இல்லை. மிச்சமிருந்த அரிசியையெல்லாம் அவள்மேலும் மாப்பிள்ளைமேலும் போட்டோம். மாப்பிள்ளைக்கு இப்போது முடி இல்லாததால் ஒன்றும் தலையில் நிற்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்ண்ணா" என்றாள் ஈஸ்வரி.

கேசட்டைப் பின்னால் ஓட்டினோம். தாலி கட்டுகிற இடம் வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், விஷயம் நால்வருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது. அரிசியை மிஷின்மேலே போட்டதற்குத்தானே அப்பா திட்டுகிறார்? நாங்கள் போடாமல் இருந்தால் அவர் எதற்காகப் பேசப் போகிறார்?

நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த டெக்கு அன்றைக்கே போய்விட்டது. அதற்குள் லேப்டாப்பில் ஏறிவிட்ட கல்யாணம் மட்டும் இப்போது ஈஸ்வரியின் போனுக்குள் இருக்கிறது. அப்பா நினைவு வந்தால் எங்களைக் கூப்பிடுவாள். போனை மேஜைமேல் வைத்து, சுற்றி நின்று, கெட்டிமேளம் கேட்டதும் அதன்மேல் ஆளுக்கு ஒரு பிடி போடுவோம். இதுவரை ஒருமுறைகூட அப்பா பேசாமல் இருந்ததில்லை.

ஆரம்பத்தில் ஈஸ்வரி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, போன் சார்ஜருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன். மஞ்சள் அரிசி.

"நீங்க இல்லாதப்பக் கேக்கணும்னு தோணுச்சுன்னா என்னண்ணா பண்றது?" என்றாள்.