கூடையடியில் ஒரு கீரி

முன்பு ஒரு காட்டில் மிருகங்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். வேங்கை மரக்கிளையில் ஒரு மூங்கில் கூடையைக் கட்டி, கீழே புல்லைச் செதுக்கி ஆடுகளம் ஆக்கியிருந்தன. கொம்போ, மூக்கோ, தும்பிக்கையோ, அவரவருக்கு வாய்த்ததைக் கொண்டு பந்தைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காட்டு அணிக்குப் பயிற்சி தந்தவள் விசாலி என்ற கீரி. ஆடிய காலத்தில் பந்தை உருட்டிக்கொண்டு எதிராளிகளின் கால்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, சரியான ஆளிடம் சேர்ப்பது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கூடைக்கு நேர் கீழே நின்று அவள் ஆடியதே இல்லை. அந்த இடத்தைக் கூடையடி என்பார்கள். உயரமும் உடம்பும் உள்ளவர்களுக்கான இடம் அது.

இப்போது கூடையடியில் ஆடியவன் நந்தகோபன் என்ற கடமான். நல்ல உயரம், அதைவிடக் கூச்சம். போன ஆட்டத்தில் ஆற்றங்கரை அணியின் கரடி அவன் முதுகில் சாய்ந்து சாய்ந்தே அவனை நகர்த்திக்கொண்டு போய், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டான். மரத்தில் உட்கார்ந்து பார்த்த குரங்குகள் சிரித்த சிரிப்பு கடமானின் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் பயிற்சியில் விசாலி, "உன் முன்னங்கால் ரெண்டும் ஒட்டி நிக்குது நந்து. கொஞ்சம் அகட்டி நில்லுப்பா" என்றாள்.

நந்தகோபன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு தடவையாவது இங்க நின்னிருக்கீங்களா?"

"இல்லை."

"முதுகுல ஒருத்தன் பாறை மாதிரி சாய்ஞ்சா எப்படி இருக்கும்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது? மறுபடியும் அந்தக் கரடிகூடத்தான் ஆட்டம். இதுலயும் அசிங்கப்பட என்னால முடியாது. நான் மந்தையோட மேயவே போயிடறேன்."

விசாலிக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை. கேட்டவன் நியாயமாகத்தான் கேட்கிறான் என்று பட்டது. "கொஞ்சம் பொறு. அங்க நின்னு ஆடின ஒருத்தரையே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மூங்கில் காட்டுப் பக்கம் ஓடினாள்.

அங்கே ஆவுடை என்ற யானை இருந்தாள். ஒரு காலத்தில் விசாலி பந்தைக் கொண்டுவந்து தருவாள், ஆவுடை கூடையில் போடுவாள். ஆட்டத்தை விட்டபிறகும் இருவருக்கும் சிநேகம் குறையவில்லை.

"பொடிசு, நீ கூப்பிட்டு நான் வராம இருப்பேனா?" என்று ஆவுடை உடனே கிளம்பிவிட்டாள்.

அவளைக் கண்டதும் நந்தகோபனின் முகம் மலர்ந்தது. "அம்மா, நீங்க எப்படி ஆடுவீங்க?"

ஆவுடை யோசித்தாள். "பந்து வரும். திரும்புவேன். போடுவேன்."

"எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

"எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம்."

அவளை முதுகில் சாயச் சொல்லி நந்தகோபன் பலமுறை திரும்ப முயன்றான். ஒவ்வொரு முறையும் அவள் விலாவிலேயே போய் முட்டிக்கொண்டான். ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தானா வந்துச்சுப்பா. எப்படி வந்துச்சுன்னு நான் யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளு" என்றாள் விசாலி. "பந்து வாங்கறதுக்கு முன்னாடி நீ ஒரு காதைத் தூக்குவே. எந்தக் காதைத் தூக்கறியோ அந்தப் பக்கம் திரும்புவே. அதைப் பார்த்துத்தானே நான் பந்தைத் தருவேன்."

"நானா? காதையா?" ஆவுடை திகைத்துப்போனாள். "எதுக்குத் தூக்கினேன்?"

"அது எனக்குத் தெரியாது. வெளியில இருந்தவளுக்குக் காது மட்டுந்தான் தெரியும்."

பிறகு விசாலி நடந்துபோய் கூடைக்கு நேர் கீழே, யானைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"சாய்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? நசுங்கிப்போவே."

"முழுசா வேண்டாம். தும்பிக்கையை மட்டும் சாய்."

ஆவுடை பயந்து பயந்து சாய்த்தாள். விசாலி புழுதியில் உருண்டாள். எழுந்து வந்து நின்றாள். மறுபடி உருண்டாள். நந்தகோபனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "போதும் அக்கா, விடுங்க. நான் ஏதோ தெரியாம கேட்டுட்டேன்."

"நீ கேட்டது சரிதான்" என்று வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள் விசாலி. "காலை அகட்டினா போதும்னு நினைச்சேன். போதாது. முட்டியையும் மடக்கணும். அது எனக்கு இப்பத்தான் தெரியுது. ஆவுடை, இன்னொரு தடவை."

இம்முறை அவள் முட்டியை மடக்கி, வாலைத் தரையில் ஊன்றி நின்றாள். பாரம் வந்து இறங்கியது. உருளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஒன்று புரிந்தது. பாரம் முதுகு முழுக்க ஒரே மாதிரி இல்லை. வலப்பக்கம்தான் அழுத்தியது. இடப்பக்க ரோமத்தில் லேசாகக் காற்று பட்டது.

"ஆவுடை, முதுகுல எந்தப் பக்கம் காத்து படுதோ, அந்தப் பக்கம் காதைத் தூக்கியிருக்கே நீ. ஆள் இல்லாத பக்கம் அதுதான்."

ஆவுடை கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். "ஆமாண்டி. ஒரு பக்கம் குளுகுளுன்னு இருக்கும். அங்க திரும்பிடுவேன்." அவள் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

நந்தகோபன் விசாலி நின்ற இடத்தில் வந்து, காலை அகட்டி, முட்டியை மடக்கி நின்றான். "சாயுங்கம்மா" என்றான்.

ஆற்றங்கரை அணியோடு ஆட்டம் வந்தது. கரடி வழக்கம்போல் சாய்ந்தான். கடமான் நகரவில்லை. பந்து அவன் கொம்புகளுக்கிடையே வந்து விழுந்தது. அவன் அவசரப்படாமல் காத்திருந்து, முதுகில் காற்று பட்ட பக்கமாகச் சட்டென்று திரும்பினான். கரடி வெறும் வெளியில் சாய்ந்து குப்புற விழுந்தான். பந்து கூடைக்குள் போனது. குரங்குகள் இந்த முறையும் சிரித்தன, கரடியைப் பார்த்து.

ஆனாலும் கடைசியில் ஒரு கூடை வித்தியாசத்தில் காட்டு அணி தோற்றுத்தான் போனது. நந்தகோபன் அதற்காக வருந்தினான். மந்தையோடு போவதைப் பற்றி மட்டும் அவன் பேசவில்லை. அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டான்.

கரடி மூச்சிரைக்க அவனிடம் வந்தான். "நல்லா ஆடினே. அந்த யானையம்மாதானே சொல்லிக் கொடுத்தாங்க?"

"அவங்களுந்தான். ஆனா எனக்குப் புரியவச்சது எங்க கீரியக்கா."

கரடி எட்டிப் பார்த்தான். களத்தின் ஓரத்தில் விசாலி ஒரு காலை நொண்டிக்கொண்டே தன் அணியின் முள்ளம்பன்றியிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். "அந்தக் கீரியா? அது எப்ப கூடையடியில ஆடிச்சு?"

"ஆடினதில்லை" என்றான் நந்தகோபன். "எனக்காக வந்து நின்னாங்க."