தண்ணீர்க் குழுவுக்கு ஒரு செயலாளர்

ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் மனிதர்கள் மட்டும் சங்கம் வைத்திருக்கவில்லை. அங்கிருந்த பொருள்களும் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தன. மனிதர்களைப் பார்த்துக் கெட்டுப்போன பழக்கம்தான், வேறென்ன.

அந்தச் சங்கத்தின் தண்ணீர்க் குழுவுக்குச் செயலாளர் ஒருவர் தேவைப்பட்டார். கூட்டம் கூடியது. முதலில் மோட்டாரைக் கேட்டார்கள். கீழே இருந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றவே எனக்குப் பொழுது போதவில்லை என்று அது கையை விரித்தது. தரைத்தொட்டியைக் கேட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கிற நான் கூட்டத்துக்கெல்லாம் எப்படி எழுந்து வருவது என்றது. குழாய்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லின.

கடைசியில் எல்லாப் பார்வையும் வாசல் கூடத்து மூலையில் நின்ற பிளாஸ்டிக் செடிமேல் விழுந்தது. அதற்கு வேறு வேலை கிடையாது. எந்நேரமும் அங்கேயே நிற்கும். வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் பச்சைப்பசேலென்று முகம் காட்டும். இதைவிட என்ன தகுதி வேண்டும்? தலைவராக இருந்த ஒலிபெருக்கி, “ஏகமனதாக!” என்று முழங்கியது. எல்லோரும் கைதட்டிவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திராத ஒன்றிடம் தண்ணீரை ஒப்படைக்கிறோமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. மோட்டாருக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோடை வந்தது. தரைத்தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தொட்டி காலியானால் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு மிதவை உண்டு. அது பழுதாகிக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். மோட்டாருக்கு அதுதான் உயிர். அது பதறிப்போய்ச் செயலாளரிடம் முறையிட்டது. மிதவையைச் சரிசெய்யுங்கள், அதுவரை தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து என்னை ஓட்டுங்கள் என்று கெஞ்சியது.

பிளாஸ்டிக் செடி பொறுமையாகத்தான் கேட்டது. கேட்டுவிட்டு, மாடியில் தண்ணீர் வரவில்லை என்று புகார் வருவதால் மோட்டார் இனிமேல் இரண்டு மடங்கு நேரம் ஓட வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

மோட்டாருக்குத் தலை கிடையாது. இருந்திருந்தால் அன்றைக்கு அதில் அடித்துக்கொண்டிருக்கும்.

“செயலாளரே, கீழ தண்ணியே இல்ல. நான் ஓடினா மட்டும் எங்கேருந்து வரும்?”

“நீங்க முழு மனசோட ஓடலைன்னு எனக்குத் தோணுது,” என்றது பிளாஸ்டிக் செடி.

மோட்டார் தலைவரிடம் போய் முட்டிக்கொண்டது. ஒலிபெருக்கிக்குத் தன் குரலைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை. அந்தச் செடி என்ன சம்பளமா வாங்குகிறது, பாவம், சேவை மனத்தோடு கால்கடுக்க நிற்கிறது, அதைப் போய்க் கேள்வி கேட்கலாமா என்று நெடுநேரம் பொழிந்து தள்ளியது.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது, தம்பி.”

“பல்லை யாரு பார்த்தா தலைவரே? முட்டாம இருக்கச் சொல்லுங்க, அது போதும்.”

செவிடன் காதில் ஊதிய சங்குதான். தீர்மானப்படி மோட்டாரை ஓட்டினார்கள். அது வெறும் காற்றை இழுத்து இழுத்து இருமியது, கனன்றது, கதறியது. மூன்றாம் நாள் கருகல் வாடை கட்டடம் முழுக்க அடித்தது. அதோடு அதன் சத்தமும் நின்றுபோயிற்று.

மாடித்தொட்டி வறண்டது. மொட்டைமாடிச் சாடியில் அப்போதுதான் அரும்பு விட்டிருந்த மல்லிகை வாடி, சருகாகி, வெறும் குச்சியாக நின்றது.

அதற்குப் பிறகுதான் அவசரக் கூட்டம் போட்டார்கள். கழற்றப்பட்ட மோட்டார், காயில் கட்டும் கடைக்குப் போவதற்காக வாசல் கூடத்தில் கிடந்தது. பக்கத்தில் மல்லிகையின் சாடியை இறக்கி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி நன்றியுரை தொடங்கியபோது மோட்டாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நிறுத்துங்க. சேவைன்னா பதில் சொல்ல வேண்டாம்னு எவன் சொன்னான்? நான் கருகிட்டேன். இந்தப் பிள்ளை செத்தே போச்சு. செயலாளர் பதில் சொல்லட்டும்.”

கூட்டம் முழுவதும் பிளாஸ்டிக் செடியைத் திரும்பிப் பார்த்தது. அதற்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அதற்கு உண்மையிலேயே புரியவில்லை. குனிந்து தன் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டது.

“தண்ணிப் பஞ்சம், தண்ணிப் பஞ்சம்னு சொல்றீங்க. நானும் ஒரு செடிதான். இதே கட்டடத்துலதான் நிக்கிறேன். எனக்கு ஒரு இலைகூட வாடலையே?”

“அதானே,” என்றன குழாய்கள்.