இடக்கைச் சோறு

நாற்பது ஆண்டுகள் மேடையேறி முழங்கியவர் தணிகாசலம். எழுபதாம் வயதில் வாதம் வந்து அவருடைய வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. நாக்கை மட்டும் விட்டுவைத்தது. கேட்கத்தான் ஆளில்லை. மாலை போட்ட தோழர்கள் முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். இரண்டாம் வாரம் எவரும் வரவில்லை.

அரசு மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மாடத்தி. வயது முப்பத்தைந்து. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. குப்பை லாரி அவருடைய வலக்கையை முழங்கைவரை தின்றிருந்தது. ஒற்றைக் கையால் வாழும் வித்தையை அங்கு வருவோருக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"சட்டைக்குள்ள எந்தக் கை முதல்ல போகணும்?" என்று முதல் நாள் கேட்டார் தணிகாசலம்.

"விழுந்த கைங்கய்யா. முடியாததுக்குத்தான் முதல்ல வழி விடணும்."

"ஐயான்னு சொல்லாதீங்க. தோழர்னு சொல்லுங்க."

"சரிங்கய்யா."

பிரஷைத் தொடையிடுக்கில் செருகிப் பசை பிதுக்கவும், சுவரில் இடுப்பைச் சாய்த்துக் கைலி கட்டவும், பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடவும் மூன்று வாரத்தில் கற்றார். முதல் பொத்தான் மாட்டிய அன்று, கைதட்ட அந்தக் கூடத்தில் இரண்டு கை உள்ளவர் எவருமில்லை.

சோற்றை மட்டும் அவர் தொடவில்லை. கரண்டியைக் கொடுத்தால் வீசினார். மனைவி ஊட்ட வந்தால், "நான் என்ன கைப்பிள்ளையா?" என்று முகத்தைத் திருப்பினார். டம்ளரில் கஞ்சி குடித்தே கிடந்தார். கன்னம் ஒட்டிப்போயிற்று. திங்கட்கிழமை மூக்கில் குழாய் போட்டுவிடுவோம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்று ஞாயிறு. மதியச் சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடலையாய்யா?"

"பீச்சாங்கையால எப்படித் தின்கிறது? கழுவுற கை."

"சோப்புப் போட்டுக் கழுவியாச்சில்ல?"

"அழுக்குக்காகச் சொல்லல. மனசு ஒப்பல."

"நாளைக்கு மூக்குல குழாய் வருதே. அதுக்கு ஒப்புமா?"

"அது என் பாடு."

மாடத்தி அதற்குமேல் வாதாடவில்லை. தினமும் அவருக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். இன்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கூடத்தின் கோடியில், கக்கூஸ் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். இடக்கையால் சோற்றைப் பிசைந்தார்.

"ஏன் அங்க போனீங்க?"

"எனக்கும் இந்தக் கைதானேய்யா இருக்கு. உங்க பக்கத்துல வச்சுத் திங்கலாமா?"

தணிகாசலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுறீங்க? ஊர் ஊராச் சமபந்தி நடத்துனவன் நான். மண்டை உடைஞ்சும் நடத்துனேன். என் பந்தியில ஒருத்தரையும் தள்ளி உட்கார விட்டதில்ல. எந்திரிச்சு வாங்க தோழர்! இங்க வாங்க, என் பக்கத்துல!"

மாடத்தி எழவில்லை. மென்றதை விழுங்கினார். தணிகாசலத்தின் மடியில் சும்மா கிடந்த இடக்கையை மோவாயால் சுட்டினார்.

"அதை முதல்ல கூப்பிடுங்கய்யா. பின்னாலேயே நான் வர்றேன்."