கடுகளவு கீறல்

தாரணி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் மொச்சையில். காது வாசல்படியில்.

அந்த மலையடிவார மடத்தில் அதுதான் வழக்கம். கேள்வியோடு யார் வந்தாலும் முதலில் சமையல்கட்டில் ஒரு வேலை. மடத்தின் குருவம்மாவும் எதிரே உட்கார்ந்து சேர்ந்து உரித்தாள்.

“புழு மொச்சையை எல்லாம் பாத்திரத்துல போடறே. ராத்திரி எனக்குத்தான் வயிறு வலிக்கும். என்ன விஷயம், சொல்லு தாயி.”

“செருப்பு, சாமி.”

“அறுந்து போச்சா?”

“ஐயோ, இல்லை. புதுசு. ஹை ஹீல்ஸ். வெளிநாட்டு டிசைனர் செஞ்சது. வீட்டுல இதோட பத்தொன்பது ஜோடி.”

“கால் ரெண்டுதானே?”

தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஷோரூம்ல பெட்டியைத் திறந்து அந்த மெல்லிசுத் தாளை விலக்குவாங்க பாருங்க, அப்ப மனசு அப்படியே குளுந்துடும். வீட்டுக்கு வந்தா திக்கு திக்குன்னு இருக்கும். ஈரம் பட்டுடுமோ, யாராவது மிதிச்சிடுவாங்களோன்னு. இப்பக்கூட படியில கழட்டி வச்சிட்டு, இனியாவைக் காவலுக்கு உட்கார வச்சிட்டுதான் வந்தேன்.”

“இனியா யாரு?”

“என் பொண்ணு. நாலு வயசு.”

“செருப்பு அழகா இருக்குமா?”

“ரொம்ப.”

“அப்ப போட்டுக்க. அழகு உன்னை என்ன பண்ணுச்சு?”

தாரணியின் குரல் இறங்கியது.

“போன வாரம் அவ என் செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்து கீழே விழுந்துட்டா, சாமி. நான் ஓடினேன். ஓடிப் போயி… முதல்ல செருப்பைத்தான் எடுத்தேன். துடைச்சு வச்சிட்டுதான் அவளைத் தூக்கினேன். அன்னையிலேர்ந்து சோறு இறங்கலை. நான் எல்லாம் ஒரு தாயா?”

குருவம்மா ஒரு காயைப் பிளந்தாள்.

“செருப்புல அடி பட்டுச்சா?”

“இடது செருப்புல. குதிக்கு மேல, உள்பக்கமா, கடுகளவு கீறல்.”

யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டாள்.

“குழந்தைக்கு?”

“முட்டியில சிராய்ப்பு.”

“எந்த முட்டி?”

தாரணியின் கை நின்றது.

“வலது… இல்லை, இடது…”

விரலில் ஒட்டியிருந்த மொச்சைத் தோலையே பார்த்தாள். தினமும் அவள் கையால் குளிப்பாட்டுகிற கால்கள்.

“சாமி, எனக்கு…”

குருவம்மா அடுத்த காயை எடுத்தாள்.

வாசலில் டக்… டக்… என்று கேட்டது. அந்தச் சத்தம் தாரணிக்குத் தெரியும்.

பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

“அம்மா! இங்க வா! பயப்படாதே, செருப்புக்கு ஒண்ணும் ஆகலை! நான்தான்…”

மடியிலிருந்த மொச்சை சிதற எழுந்து ஓடினாள். படிக்குக் கீழே ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. தாரணி அதைத் தாண்டிப் போய் இனியாவைத் தூக்கி, அடிபட்டது எந்த முட்டி என்று பார்த்தாள்.